பதினெட்டு ரூபாய்ச் சம்பளமும் படுவான்கரைக் கடையும்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் ஏழு பேர். காசு போடுகிற லாச்சி மேசைக்குப் பின்னால் முதலாளி. அவருக்குப் பக்கத்தில், கலியாணம் முடித்து, இடுப்பில் புதுச் சாரனும் அத்தர் வாசமுமாகத் திரிந்த அவருடைய மருமகன். பூப்போட்ட சீத்தைத் துணி அடுக்கியிருந்த பக்கம், எனக்கு முந்தியே வேலைக்குச் சேர்ந்த மூத்தவர். வாசலில் மெசினோடு தையற்காரர். ஆரையம்பதியிலிருந்து பாவாடைத் துணிக்கு வந்து, எடுத்ததையெல்லாம் விரித்துப் போட வைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா. சாரன் பார்க்கிற மாதிரி நின்ற என் மச்சான். ஏழாவது ஆள் நான். கையில் துணியைக் கெஜம் கெஜமாக அளக்கிற யார்க்கோல்.

மச்சானுக்குச் சாரன் தேவையில்லை. அவர் என் பெண்சாதியின் காக்கா, கூடப் பிறந்த அண்ணன். நான் முதலாளியிடம் சம்பளத்தைக் கூட்டிக் கேட்கிறேனா இல்லையா என்று பார்த்து வரும்படி அவள்தான் அனுப்பியிருந்தாள். மூன்று கிழமையாகக் 'கேட்கிறேன், கேட்கிறேன்' என்று போய், கேட்காமலே திரும்பி வந்துகொண்டிருந்தேன். அவளும் எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பாள்?

அப்போது எனக்கு வயது நாற்பத்திரண்டு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு காத்தான்குடித் தெருவில் அந்தப் புடவைக் கடைக்குள் ஏறினவன். ஏறினவன் இறங்கவில்லை. சம்பளம் பதினெட்டு ரூபாய். யுத்தத்துக்கு முந்தின அந்த வருஷங்களில் அது கேவலமான காசு இல்லை. ஆனால் பிள்ளைகள் ஐந்து, முதல் மூன்றும் பெண். மூத்தவளை மச்சானின் மகனுக்கே பேசி முடித்திருந்தோம். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து கலியாணம்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடி வருவார். நாங்கள் இருந்த வீடு என் பெண்சாதிக்கு அவளுடைய உம்மா கொடுத்த சீதன வீடு. நான் அதற்கு மாப்பிள்ளையாகப் போன அன்றைக்கே மாமாவும் மாமியும் பின்னால் இருந்த சமையல் குசினிக்குக் குடி போனார்கள். அதற்குப் பிறகு மாமா ஒரு நாள்கூட முன்வாசலால் வந்ததில்லை. தான் கட்டின வீட்டைத் தானே வேலியோரமாகச் சுற்றிக்கொண்டு பின்பக்கத்தால் வருவார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மாப்பிள்ளையாக இருக்கிறவனுக்கு அது தெரியாது. மூத்தவளுக்குக் கலியாணம் பேசின அன்றைக்குத்தான் தெரிந்தது, இனி வேலியோரமாகச் சுற்றி வருகிற முறை என்னுடையது என்று. அதுவும் தனியாக இல்லை, பெண்சாதியோடும் மிச்சம் நாலு பிள்ளைகளோடும். மாமாவும் மாமியும் மௌத்தான பிறகு சும்மா கிடந்த அந்தக் குசினியில் நாலு பிள்ளைகளைப் படுக்கப் போட்டால் அம்மிக்கு இடமில்லை. அம்மியை வைத்தால் கடைசிப் பிள்ளைக்கு இடமில்லை.

அதே வளவில், வேலிக்குள்ளேயே, இரண்டு அறையோடு ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டால் சரி. பதினெட்டு ரூபாயில் அது நடக்காது. எந்தப் பக்கத்தால் கூட்டிப் பார்த்தாலும் நடக்காது. நானும் எல்லாப் பக்கத்தாலும் கூட்டிப் பார்த்தேன்.

வீட்டில் வைத்துக் கேட்டுப் பழகினேன். பெண்சாதி திருவலையில் குந்திக்கொண்டு தேங்காய் திருவினாள். நான் அவளை முதலாளியாக நினைத்துக்கொண்டு எதிரே நின்றேன்.

"கேளுங்க பாப்பம்."

"முதலாளி, குடும்பம் பெருத்துப் போச்சு. சம்பளத்தக் கொஞ்சம் கூட்டித் தரணும். இப்ப யாவாரமும் படுத்துப்போன நேரந்தான், உங்களுக்கும் கரைச்சல் இருக்கும்..."

"ஆ, அதத்தான் சொல்லாதீங்க எண்டன். அவர்ர கதைய அவர் கதைப்பார். நீங்க உங்கட கதைய மட்டும் கதைச்சிப்போட்டு நிப்பாட்டுங்க."

இன்னொரு தரம் கேட்டேன். அதிலும் முதலாளியின் கஷ்டம் எப்படியோ உள்ளே வந்துவிட்டது. மூன்றாம் தரம் அவள் திருவின தேங்காயை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள்.

அன்றைக்குக் கடையில், அந்த ஏழு பேருக்கு நடுவில், மச்சான் ஒரு சாரனை என் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு, "இண்டைக்குக் கேக்கல்லயெண்டா இந்தச் சாரனையும் உங்கட கணக்கில எடுத்திட்டுத்தான் போவன்" என்று மெல்லச் சொன்னார். நான் யார்க்கோலை வைத்துவிட்டு லாச்சிப் பக்கம் போனேன்.

"முதலாளி, ஒரு கதை."

"சொல்லன்."

"புள்ளைகள் வளந்திட்டு. மூத்தவக்குக் கலியாணம். சம்பளத்தக் கொஞ்சம் கூட்டித் தரணும்." இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். வாய் நிற்கவில்லை. "ஆனா ஜப்பான் துணி வந்து யாவாரத்தக் குழப்பிப் போட்டுது. போன மாசமும் சரியில்ல. மருமகன்ர செலவும் உங்களுக்கு இருக்கு. நீங்க எங்கால குடுக்கிற..."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

"இஞ்ச பாரு தம்பி. நீயே கேட்டாய், நீயே ஏலாது எண்டும் சொல்லிப்போட்டாய். எனக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கல்லயே நீ!"

தையற்காரரின் மெசின் நின்றது. அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மூத்தவர் துணிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். மருமகன் மட்டும் தன் செலவை ஏன் இழுத்தேன் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். ஆரையம்பதி அம்மாதான் எனக்காகப் பேசினார்.

"ஐயோ முதலாளி, பாவம், புள்ளகுட்டிக்காரன். குடுங்களன். என்ட பாவாடத் துணியில ரெண்டு காசு கூட்டி வைங்க."

"அப்ப சரி, கூட்டிப் போடுவம்" என்றார் முதலாளி.

"இல்ல, நான் சும்மா ஒரு கதைக்குச் சொன்ன" என்று அந்த அம்மா துணியை மடிக்கத் தொடங்கினார்.

சிரிப்பெல்லாம் அடங்கின பிறகு முதலாளி ஒரு விஷயம் சொன்னார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பொழுது படுகிற கரையில், கொக்கட்டிச்சோலைப் பகுதியில் சின்னக் கடை ஒன்று போட அவருக்கு நெடுநாள் யோசனை. படுவான்கரைச் சனங்கள் ஒரு முழத் துணிக்கும் தோணி ஏறி வர வேண்டியிருந்தது. ஆனால் அங்கே கிழமைக்கு ஐந்து நாள் கிடக்க ஆள் வேண்டும். மூத்தவர் யானைக்குப் பயந்து மறுத்துவிட்டார். மருமகன் புது மாப்பிள்ளை.

"இங்க நிண்டு துணி அளக்கிறதுக்கு நான் ஒரு சதமும் கூட்டமாட்டன். அங்க போனா கூட்டுவன். அதுக்கு முதல், அந்தக் கரைச் சனத்தோட உனக்கு ஏலுமா எண்டு நான் பாக்கணும். போன வருஷம் மகள்ர கலியாணத்துக்குப் புடவை எடுத்த போடியார் இருக்காரே, அறுபத்திநாலு ரூபா. வெள்ளாமை வெட்டினதும் தாறன் எண்டவர். இப்ப சூடு அடிக்கிறாங்க. போய் வாங்கிட்டு வா. வாங்கிட்டு வந்தியெண்டா கடை உனக்கு."

சூடு அடிக்கிறது என்றால் வெட்டின கதிரைக் களத்தில் போட்டு மாடு விட்டு மிதிக்கிறது; போடியார் என்றால் வயல் நிலம் நிறைய உள்ள பெரிய ஆள். அவர்களிடம் கொடுத்த கடனைக் கேட்டுப் போகிறது சின்ன விஷயமில்லை. நான் அந்த நேரமே கவலைப்படத் தொடங்கிவிட்டேன். ஆறு, ஆற்றில் முதலை, வயலில் பாம்பு, காட்டோரம் யானை. இதையெல்லாம்விட மோசமாகத் தையற்காரர் ஒன்றைச் சொன்னார்.

"சூட்டுக் களத்துக்குப் போறீங்க. வாயப் பாத்துக்கங்க. அங்க நெல்ல நெல் எண்டு சொல்லப்படா; பொலி எண்டுதான் சொல்ற. மரக்கால் எண்டும் சொல்லப்படா, கணக்கன். இல்ல எண்டு சொல்லப்படா. போதும் எண்டு சொல்லவே படா. வேணாம், முடிஞ்சிட்டு, குறைஞ்சிட்டு, ஒண்டும் படா. சொன்னா விளைச்சல் போயிரும் எண்டு அவங்கட நம்பிக்கை."

"கடன் எண்டு சொல்லலாமா?"

தையற்காரர் ஊசியில் நூலைக் கோர்த்தபடி என்னைப் பார்த்தார். "அதச் சொல்லித்தான் பாருங்களன்."

நான் கடைக்குள்ளே வளர்ந்தவன். வயல் வேலைக்காரர்கள் சின்ன வயதிலேயே படிக்கிற இந்தப் பாஷை எனக்குத் தெரியாது. விடிந்ததும் குடை, சால்வை, தொப்பியோடு புறப்பட்டேன். பெண்சாதி கட்டித் தந்த புட்டு கையில். மண்முனைத் துறையில் தோணி ஏறினபோது சொல்லக்கூடாத சொற்களை மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். தோணிக்காரர் என்னிடம் "இறங்கிற இடம் தெரியுமா?" என்று கேட்டதற்கும் பதில் சொல்லப் பயமாக இருந்தது.

அந்தக் கரையில் இறங்கி வரம்பால் நடந்தால், வெட்டின வயல் கண்ணுக்கெட்டின மட்டும் வெறும் தாளாகக் கிடந்தது. நடுவில் களம். எருமைகள் வட்டமாக மிதித்துக்கொண்டிருந்தன. ஓரத்தில் நெல் மலை மாதிரிக் குவிந்திருந்தது. மனதுக்குள்ளேகூட அதை நெல் என்று நினைக்காமல் 'பொலி, பொலி' என்று திருத்திக்கொண்டேன். செருப்பைக் கழற்றினேன். குடையை மடக்கி வேலியில் செருகினேன். போடியார் குவியலுக்கு அந்தப் பக்கம் வேலை காட்டிக்கொண்டு நின்றார். அவர் திரும்பட்டும் என்று களத்தோரம் இருந்த மருத மர நிழலில் போய் நின்றேன்.

நிழலில் ஏற்கனவே சிலர் நின்றார்கள். முடி வெட்டுகிறவர் ஒருவர், துணி வெளுக்கிறவர் ஒருவர், கோயிலில் மேளம் அடிக்கிறவர் ஒருவர், பச்சைத் தலைப்பாகையும் கையில் தட்டிப் பாடுகிற றபானுமாக ஒரு பக்கீர். பக்கீரைக் கண்டதும் எனக்குப் பெரிய ஆறுதல். நம்முடைய ஆள் ஒருவர் இருக்கிறார் என்று அவருக்குப் பக்கத்திலேயே போய் ஒட்டிக்கொண்டேன். அவர் ஸலாம் சொன்னார். நானும் சொன்னேன். அதற்கு மேல் பேசவில்லை.

அவர்கள் எல்லாரும் களத்துப் பங்கு வாங்க வந்தவர்கள் என்பது எனக்குத் தெரியாது. சூடு அடிக்கிற நாளில் ஊருக்கு உழைக்கிறவர்களுக்கும், வாசலுக்கு வருகிற பக்கீருக்கும் ஒரு பங்கு அளந்து கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். வயல் வேலைக்குத் தலைவரான முல்லைக்காரர் மரக்காலோடு வந்தார். ஒவ்வொருவருக்கும் சாக்கில் கொட்டினார். அவர்கள் ஒரு கட்டத்தில் சாக்கின் வாய்மேல் கையை வைத்தார்கள்; அவர் அடுத்த ஆளிடம் போனார். பக்கீருக்கும் கொட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். தொப்பி, தாடி, சால்வை, பக்கீரின் தோளோடு தோள்.

"நீங்களும் இவரோட வந்ததா காக்கா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைத்தான் சொல்லக்கூடாது. நான் சிரித்தேன்.

"சாக்குக் கொண்டரல்லயா?"

அதற்கும் இல்லைதான் பதில். மறுபடி சிரித்தேன். "பாவம், ஊமைபோல" என்று சொல்லிக்கொண்டு அவரே என் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து நிலத்தில் விரித்து, அதில் ஒரு மரக்கால் கொட்டினார். வேணாம் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கினேன். இன்னொரு மரக்கால் கொட்டினார். போதும் என்று சொல்ல வேண்டும் போல் இருந்தது. அதை நினைக்கவே பயம். என்னவெல்லாம் சொல்லக்கூடாது என்று தையற்காரர் சொல்லித் தந்தாரே தவிர, நிறுத்துகிறதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தரவில்லை. மற்றவர்கள் கையை வைத்ததை நான் கண்டேன்தான், ஆனால் அது எதற்கென்று எனக்கு ஓடவில்லை. அவர் நான் கையை வைக்கட்டும் என்று பார்க்கிறார். நான் அவர் நிறுத்தட்டும் என்று பார்க்கிறேன். மூன்றாவதும் விழுந்தது. நாலாவதும் விழுந்தது. சால்வை நிறைந்து நிலத்தில் சிந்தத் தொடங்கியது. முடி வெட்டுகிறவர், "உள்ள பக்கீருக்கு ரெண்டு, ஊமப் பக்கீருக்கு நாலா?" என்று முணுமுணுத்தார்.

அந்த நேரம்தான் போடியார் திரும்பினார்.

அவர் என்னையும் சால்வையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வந்து என் கையைப் பிடித்துத் தரதரவென்று களத்துக்கு வெளியே காவல் குடிசைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"இஞ்ச எல்லாக் கதையும் கதைக்கலாம். நீங்க அந்தப் புடவைக் கடைக் காக்கா அல்லவா? என்ட மகளுக்குக் கூறைச் சேலை விரிச்சுக் காட்டின ஆள்!"

"ஓம் போடியார்."

"பங்கு வாங்கவா ஆறு கடந்து வந்த?"

"இல்ல." சொன்னதும் திடுக்கிட்டுக் களத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"அங்க கேக்காது, பயப்படாம சொல்லுங்க."

சொன்னேன். தையற்காரர் சொன்னதிலிருந்து பக்கீர் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். போடியார் சிரிக்கத் தொடங்கி, தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்து, பிறகு முல்லைக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் சொல்லி மறுபடி சிரித்தார்.

"போன வருஷம் ஒரு கடைக்காரர் வந்து களத்துக்கு நடுவில நிண்டு, 'காசு இருக்கா இல்லையா' எண்டு கத்திப்போட்டுப் போனவர். நீங்க வாயக் கட்டிக்கொண்டு நிண்டிருக்கீங்க. நல்ல மனிசன். ஆனா காக்கா, பொலி வீட்டுக்குப் போய்ச் சேர முந்தி நாங்க ஆருக்கும் பட்ட கடனத் திருப்பிக் குடுக்கிறல்ல. மறுகா நானே வாறன். சொன்னா வருவன்."

"அப்ப இது?" சால்வையைக் காட்டினேன்.

"அது களத்தில குடுத்தது. அதத் திருப்பி எடுக்கேலா. கொண்டு போங்க."

ஒரு சாக்கில் கட்டித் தந்தார்கள். அதை ஒரு வண்டியில் துறைக்கும், தோணியில் இந்தக் கரைக்கும், இன்னொரு வண்டியில் கடை வாசலுக்கும் கொண்டுவந்து இறக்கினேன். முதலாளி சாக்கைப் பார்த்தார்.

"காசு?"

"மறுகா தாறாராம்."

"அப்ப இது என்ன?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நான் உன்னை அனுப்பினது குடுத்த கடன வாங்க. நீ போய் பிச்சை வாங்கிட்டு வந்திருக்காய்!"

மூத்தவர் சீத்தையை உதறிக்கொண்டே, "கடைக்கு நல்ல பேர்தான்" என்றார்.

"போடியார் வாறன் எண்டு சொன்னவர்..."

"அவர் வாறன் எண்ட கதைய நான் போன வருஷத்தில இருந்து கேக்கிறன். கடைக் கதைய விடு. வேற யோசிப்பம்."

அடுத்த நாட்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். நான் துணி அளக்கும்போதுகூட கண் தெருவில்தான். வீட்டில் பெண்சாதி அந்த நெல்லைக் குத்தி அரிசியாக்கி, "பக்கீர்ர பங்கு, பரக்கத்து" என்று அயல் வீடுகளுக்கெல்லாம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். மச்சான் கஞ்சி குடிக்க வந்து, "மச்சான், வீடு கட்டேலாட்டிப் பரவாயில்ல. இப்படிக் களங்களமாப் போய் நிண்டு வாங்க. என்ட மகன் பட்டினி கிடக்க மாட்டான்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்பக்கம் போய்க் குசினியின் நீளத்தைக் காலால் அளந்து பார்த்தேன். அம்மியைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும் போல் இருந்தது. நிமிர்த்தின அம்மி பிள்ளையின் தலையில் விழுந்தால் என்ன செய்வது என்று அதையும் விட்டுவிட்டேன்.

போடியார் வந்தார். நான் நம்பிக்கையை விட்டுவிட்ட ஒரு முற்பகலில், பெண்சாதி, இரண்டு மருமக்கள், ஒரு பேரப்பிள்ளை எல்லாரோடும் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். மடியை அவிழ்த்து ஐம்பது ரூபாயை எண்ணி வைத்தார். மிச்சம் பதினாலை அடுத்த போகத்துக்குத் தள்ளினார். அவருடைய பெண்கள் அங்கேயே இன்னும் துணி எடுத்தார்கள். முதலாளிக்கு முகமெல்லாம் பல்.

போகப் போகிற நேரம் போடியார் சொன்னார்: "முதலாளி, எங்கட பக்கம் ஒரு கடை போடப் போறயள் எண்டு கேள்வி. கோயில் றோட்டில என்ட கட்டடம் ஒண்டு சும்மா கிடக்கு. வாடகை பிறகு பாப்பம். ஆனா இந்த வாயில்லாக் காக்காவ அனுப்புங்க. வாயுள்ள ஆக்கள் எங்களிட்ட நிறைய இருக்கு."

வண்டி போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"சரி. இருபத்தஞ்சு ரூபா."

நான் பேசாமல் நின்றேன். பேரம் பேசவில்லை. மாரி காலத்தில் ஆறு பெருகினால் தோணி ஓடுமா என்று யோசித்தேன்.

"இருபத்தேழு."

கடைசிப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எனக்கு ஆர் வந்து சொல்வது என்று யோசித்தேன்.

"சரி, முப்பது. விக்கிற ரூபாய்க்கு ஒரு சதம் கொமிசனும் தாறன். என்ன, இன்னும் முழிக்காய்? முப்பத்திரண்டு!"

அந்த நேரம் எனக்கு இருமல் வந்துவிட்டது. நான் ஏதோ சொல்ல வருகிறேன் என்று முதலாளி நினைத்துக் கையை உயர்த்தினார். "போதும், வாயத் திறக்காத. முப்பத்திரண்டு. அவ்வளவுதான்."

வீட்டில் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பெண்சாதி சந்தோஷத்தில் கண் கலங்கினாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "என்னத்துக்கு இருமினீங்க?"

அந்தக் கேள்வியை அவள் பிறகும் பல வருஷம் கேட்டாள்.

படுவான்கரைக் கடை நான் பயந்த மாதிரி இருக்கவில்லை. யானை வந்தது, ஆனால் துணி வாங்க வரவில்லை. ஞாயிறு விடியத் தோணி ஏறி, வியாழன் பொழுதுபடத் திரும்பி, வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்கு வீட்டில் இருப்பேன். கடைசிப் பிள்ளை, சின்னவன், ஞாயிறு விடிய என் செருப்பில் ஒன்றை ஒளித்து வைப்பான். ஒரு செருப்போடு வாப்பா போக மாட்டார் என்பது அவனுடைய கணக்கு. நான் இரண்டு சோடி வாங்கி வைத்தேன். அவன் இரண்டு சோடியிலும் ஒவ்வொன்றை ஒளித்தான். பெண்சாதி ஐந்து பிள்ளைகளையும் தனியாக மேய்த்தாள். இரண்டாவது மகள் அடுப்பைப் பார்த்தாள். நான் அனுபவித்த கஷ்டத்தைவிட அவர்கள் அனுபவித்தது கூட என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நான் என் கஷ்டத்தை மட்டும்தான் நினைத்தேன்.

வியாபாரம் எனக்கு வந்த விதம் வேடிக்கை. வாயில்லாக் காக்கா என்று பேர் வந்துவிட்டது, ஆனால் கடையில் பேசாமல் இருக்க முடியாதே. பெண்கள் ஒரு துணியைக் கையில் எடுத்ததும் எனக்கு அதைப் பற்றிய கவலை எல்லாம் வந்துவிடும். "இது ஜப்பான் துணி தங்கச்சி, ரெண்டு தரம் தோய்ச்சாச் சாயம் போனாலும் போகும்." "இந்தச் சீத்தை சுருங்கும்போல இருக்கு, அரை யார் கூட எடுங்க." "இது நிறம் நல்லந்தான், ஆனா உங்கட மாமிக்குப் பிடிக்காட்டி என்னத்தச் செய்ற?" முதலாளி ஒரு நாள் வந்து இதைக் கேட்டுத் தலையில் கையை வைத்தார்.

"டேய், விக்கிறியா, விக்காம இருக்க வழி பாக்கிறியா?"

துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் சிரித்தாள். "மத்தக் கடையில வாங்கிட்டுப் போய் நாங்க கவலப்படுவம் முதலாளி. இஞ்ச காக்காவே எங்களுக்கும் சேத்துக் கவலப்பட்டுத் தாறார்."

அரை யார் கூட எடுக்கச் சொன்னது பயத்தில் சொன்னதுதான். ஆனால் எல்லாரும் அரை யார் கூட எடுத்தால் மாதக் கடைசியில் அது எவ்வளவு துணி! கொமிசன் சில மாதங்களில் பத்து ரூபாயைத் தொட்டது. நான் அதை வீட்டுக்குக் கொண்டுவரும்போது மடியில் ஒரு கை, தோணியின் விளிம்பில் ஒரு கை.

பெருநாளுக்கு முன்னமே அத்திவாரம் வெட்டினோம். மூத்தவளுக்குக் கொடுக்கிற வீட்டுக்கும் எங்களுடையதுக்கும் இடையில் ஒரு முருங்கை மரம்தான். மேசன் கல்லடுக்க, மச்சான் தினமும் வந்து மேற்பார்வை பார்த்தார்.

"என்ட மகன்ர வீட்டுக்குப் பக்கத்தில கோணச் சுவர் வந்திரப்படாது மேசன்."

"சுவர் நேர்தான். நீங்க நிக்கிறதுதான் கோணல்" என்றார் மேசன்.

நான் ஒவ்வொரு வியாழனும் வந்து சுவரைத் தட்டிப் பார்ப்பேன். ஓட்டுக்குக் காசு போனது, மேசனுக்குக் காசு போனது, மகளுக்கு நகைக்குப் போனது. கடைசியில் கதவு யன்னல் வேலைக்கு ஓடாவியிடம் வந்தபோது மடியில் அவ்வளவு இருக்கவில்லை. அவர் நல்ல தச்சன், நல்ல மனிதர், ஆனால் கடனுக்குக் கதவு கொடுக்காத மனிதர். யன்னல் எல்லாம் பொருத்தித் தந்தார். பின்கதவும் தந்தார். முதிரைப் பலகையில் செய்த முன்கதவைத் தன் பட்டறையில் சுவரில் சாத்தி வைத்துக்கொண்டார்.

"கலியாணத்துக்கு முந்தித் தாங்களன் ஓடாவி. கதவில்லாம எப்படி?"

"மாப்பிள வீட்டுக்குத்தான் கதவு இருக்கே. உங்கட வீட்டில என்ன களவெடுக்க இருக்கு?"

கலியாண நாள் நிக்காஹ், விருந்து எல்லாம் குறைவில்லாமல் முடிந்தது. போடியார் வீட்டாரும் வந்திருந்தார்கள். என் பழைய வீட்டின் முன்வாசலால் மருமகன் உள்ளே போனார். நாங்கள் பாயையும் தலையணையையும் சட்டி பானையையும் தூக்கிக்கொண்டு முருங்கை மரத்தைத் தாண்டினோம். அம்மியைத் தூக்க மச்சானே கை கொடுத்தார். "மச்சான், இதென்ன, வாசல் இம்மட்டுப் பெரிசா இருக்கு?" என்று கதவில்லாத நிலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். நான் என் சொந்த வீட்டுக்கு முன்பக்கத்தால் ஏறினேன். வேலியோரமாகச் சுற்றவில்லை.

விருந்துச் சோற்றின் அசதியில் பகலே பாயில் சாய்ந்தேன். கதவு பூட்டியிருக்கிறதா என்று எழும்பி எழும்பிப் பார்க்கிற ஆள் நான். அங்கே முன்வாசலில் பூட்டக் கதவே இல்லை. ஆற்றுக் காற்று நேரே உள்ளே வந்தது. எதிர் வீட்டு ஆடும் ஒருமுறை உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனதாகப் பிறகு சொன்னார்கள்.

"வாசல் திறந்து கிடக்கு, உங்களுக்கு நித்திர வருமா?" என்று பெண்சாதி கேட்டது நினைவிருக்கிறது. பதில் சொன்னதாக நினைவில்லை. பின்னேரத்து அஸர் பாங்கு கேட்டுத்தான் கண் விழித்தேன். வாசலில் ஓடாவி குந்திக்கொண்டு வெற்றிலை மென்றார். விருந்துக்கு வந்தவர் கதவைப் பற்றியும் ஒரு கதை கேட்டுவிட்டுப் போகலாம் என்று இருந்தாராம்.

நான் எழும்பி உட்கார்ந்து, அடுத்த மாதக் கொமிசனில் தருவதாகச் சொன்னேன். அதோடு நிறுத்தினேன். அவர் தலையை ஆட்டினார். அவருக்குத் தரவேண்டியிருந்தது பதினொரு ரூபாய் ஐம்பது சதம்.